நந்தகோபால் விற்ற ஸ்கோப்

“நல்லா ஏமாத்திட்டீரே வே!”

காசிராஜன் ஏர் கன்னைக் கீழே வைத்தார். மொட்டைமாடிச் சுவரில் சாய்த்திருந்த பெயிண்ட் டப்பா மூடியில் ஒரு கீறல்கூட இல்லை. குண்டு நாலு விரல்கடை தள்ளிப் போய்ச் சுவர்க் காரையைப் பெயர்த்திருந்தது.

பால் கேனோடு நின்ற நந்தகோபால் பதறினார்.

“நானா ஏமாத்துவேன்? பசுவந்தனையில எங்க சோளக்காட்டுக் காவலுக்கு இதைத்தான் மாட்டி வச்சிருந்தேன் அண்ணாச்சி. மரத்துல தொங்கவிட்ட தகரத்துல ஒரு குண்டு தப்புனதில்ல.”

“அப்ப என் குறி தப்புதுங்கீரா? என்.சி.சி.யில கப்பு வாங்கினவன் வே நான்.”

மாடி முழுக்க மிட்டாய்க்குக் காயவைத்த நிலக்கடலை. தினமும் காலையில் ஒரு நொண்டிக் காக்கா வரும். நடுவில் இறங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நல்ல பருப்பாகப் பொறுக்கும். அதற்காகத்தான் துப்பாக்கி. துப்பாக்கிக்காகத்தான், தூரத்தில் குறி பார்க்க நந்தகோபாலிடம் வாங்கிய இந்தப் பழைய ஸ்கோப்.

“அத்தை போய்ச் சேந்தாவ, இனிமே கடலை தப்பிச்சுதுன்னு நெனச்சேன்” என்றாள் அவர் மனைவி பொன்மணி, சுளகைத் தட்டியபடி. “இப்ப இது வந்து சேந்துட்டு. சீக்கிரம் சுட்டுத் தள்ளுங்க.”

சர்க்கரை வியாதிக்கார மாமியார் சுடலையம்மாள் கண்ணில் படாமல் கடலைத் தட்டை ஒளித்து வைத்து, அதற்காகப் பொன்மணி போட்ட சண்டைகள் தெருவுக்கே தெரியும்.

நந்தகோபால் கேனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்கோப்பைக் கவ்வியிருந்த வளையங்களை இறுக்கினார்.

“ஏர் கன் உதறுத உதறலுக்கு இது தளந்துரும்.”

குறியை இடவலமாக நகர்த்தும் பக்கவாட்டுத் திருகைக் கொஞ்சம் திருப்பினார். சுட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சுட்டார். மூடியின் நடுவில் ஓட்டை விழுந்தது.

“பாத்தியளா?”

மறுநாள் குண்டு இடப்பக்கம் போனது. சரிசெய்து கொடுத்தார். அதற்கு மறுநாள் வலப்பக்கம் போனது.

“கெட்டுப்போன ஸ்கோப்பு ஒரு பக்கமாத்தான அண்ணாச்சி இழுக்கும்? இது என்ன, தேர்தல் நேரத்து ஆளு மாதிரி அங்கன ஒரு நாளு, இங்கன ஒரு நாளு?”

“அதை உம்ம ஸ்கோப்புட்டயே கேளும்.”

விஷயம் மாடியோடு நிற்கவில்லை. எதிர்வீட்டு மந்திரமூர்த்தி செம்பை நீட்டாமலே கேட்டார்: “ஸ்கோப்புலயே இந்தத் தில்லுமுல்லுன்னா, பாலு எப்படி வே?”

அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் இன்றைக்குப் பால் வேண்டாம் என்றார்கள். கேன் கனம் குறையாமல் திரும்பி வந்தது.

“கடைசியா நாளைக்கு ஒரு தடவை பாப்போம் அண்ணாச்சி” என்றார் நந்தகோபால். “தப்புச்சுன்னா ஸ்கோப்பை எடுத்துக்கிடுதேன். இந்தத் தெருப் பக்கமும் வரலை.”

பொன்மணியிடம் நெயில் பாலிஷ் கேட்டு வாங்கினார். ஸ்கோப்பைச் சரிசெய்து, திருகின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அதற்கு நேராக, ஸ்கோப்பின் உடம்பில் இன்னொன்று.

“இனி இது தானா நகந்தாலும், யாரும் தொட்டாலும், புள்ளி விலகிரும்.”

காசிராஜன் தெருவைப் பார்த்தார். பொன்மணி கடலையைப் பார்த்தாள்.

காலையில் மூவரும் மாடி ஏறினார்கள். புள்ளிக்கு நேராகப் புள்ளி நின்றது.

“அசையலை. யாரும் தொடலை” என்றார் நந்தகோபால். “சுடுங்க.”

காசிராஜன் அலட்டிக்கொள்ளாமல் குறி பார்த்தார். பொன்மணி திரும்பிப் பார்க்காமல் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

டப்!

மூடியின் நட்டநடுவில் ஓட்டை.

நந்தகோபால் துள்ளிக் குதித்தார். மற்ற இருவரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.

“அதெப்படி?” என்றார் காசிராஜன் மெதுவாக. “ராத்திரி நான் இடப்பக்கம் ஒரு முழுச் சுத்துல்லா திருக்கி வச்சேன்? புள்ளி பழையபடி நேரா வரணும்னு.”

பொன்மணியின் கையில் சுளகு நின்றது.

“நீங்களுமா? நான் விடியக்காலம் வலப்பக்கம் ஒரு முழுச் சுத்து திருக்கினேனே!”

நந்தகோபால் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாய் திறப்பதற்குள் சிறகடிப்புக் கேட்டது. நொண்டிக் காக்கா வந்து இறங்கியது. துப்பாக்கியைச் சட்டை செய்யாமல் கடலைக்கு நடுவே நொண்டி நொண்டி நடந்தது.

“சத்தம் போடாதிய” என்று கிசுகிசுத்தாள் பொன்மணி. தோல் உரித்த பருப்பில் ஒரு கை அள்ளி அதன் பக்கம் தூவினாள். “நடையைப் பாருங்க, அப்படியே அத்தை. இருந்தவரைக்கும் ஒரு கடலை தின்ன விடலை நான். இப்ப அவியளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாதுல்லா.”

“எனக்கும் அம்மான்னுதான் தோணிச்சு” என்றார் காசிராஜன். “சொன்னா நீ சிரிப்பேன்னு…”

“உங்க அம்மா தப்பிச்சாவ அண்ணாச்சி, சந்தோசம்” என்றார் நந்தகோபால். “என் பாலை யாரு வாங்குவா?”

எதிர்மாடியில் மந்திரமூர்த்தியின் தலை தெரிந்தது.

“என்ன காசிராஜா, சுட்ட சத்தம் கேட்டுது, காக்கா அங்கனயேதான் நிக்கி? நான் அப்பவே சொன்னேம்லா, அந்த ஆளு ஏமாத்துக்காரன்னு!”

காசிராஜன் நந்தகோபாலைப் பார்த்தார். என்.சி.சி. கப்பு ஒரு கணம் மனதில் வந்து போயிருக்க வேண்டும். மாடிச் சுவரோரம் போய், தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“ஸ்கோப்பு சொக்கத் தங்கம் வே! எனக்குத்தான் கண்ணு தெரியலை!”