இரண்டாவது கரண்டி

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டிலில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. மூன்றாவது இரவாக ஆஸ்பத்திரியில் கண்விழித்துவிட்டு வந்த நர்ஸ், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், காய்ச்சலில் படுத்திருக்கும் மகளுக்குக் கரண்டியில் மருந்தை ஊற்றுகிறாள். மணலை அள்ளிப் போட்டதுபோல் கண்கள் உறுத்துகின்றன. "வாயைத் திற, கண்ணு." மகள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "இப்பத்தானேம்மா குடுத்தே! கசக்குதுன்னு அழுதேனே." நர்ஸுக்கு எதுவுமே நினைவில்லை. குழந்தையின் உதட்டோரத்தில் சிவப்பு மருந்து இன்னும் காயவில்லை. கரண்டியை அவள் சட்டென்று பின்னுக்கு இழுக்க, பாதி மருந்து போர்வையில் சிந்துகிறது. ஹாலில் பேப்பர் படிக்கும் கணவனின் குரல் வருகிறது. "நீ நல்லாத் தூங்கு, யாரு வேணாங்கறா? ஒரு மணிக்குச் சாப்பாடு மட்டும் ரெடியா இருந்தாப் போதும்." அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்க்கிறாள். நேற்றிரவு முப்பது பேருக்கு இதே கைதான் மருந்து கொடுத்தது. அதில் ஒரு முகம்கூட இப்போது நினைவுக்கு வர மறுக்கிறது. போனை எடுத்து வார்டுக்கு அடிக்கிறாள். "ஏழாம் பெட் பெரியவருக்கு நான் ராத்திரி ஊசி ஒரு தடவைதானே போட்டிருக்கேன்? சார்ட்டைக் கொஞ்சம் பாரேன்." மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்கிறது, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது.