தராசில் கிடந்த பிள்ளை

கொள்முதல் கொட்டகைத் தராசில் காயைப் போட்ட கையோடு கைப்பிள்ளையையும் எடை பார்ப்பது அந்த ஊர் வழக்கம். எடையோடு பூச்சிமருந்து எச்சத்தையும் தராசே சோதிக்கத் தொடங்கிய பிறகும் அது மாறவில்லை.

செவ்வந்தியின் வெண்டைக்காய்க்கு அன்றுதான் முதல்முறையாகப் பச்சை விளக்கு எரிந்தது. இனி அது கப்பலேறும். அதுவரை மருந்து எச்சம் மிகுந்து 'கழிவு' முத்திரையோடு திரும்பி வந்த கூடைகளை வீணாக்க மனமில்லாமல் அவள் வீட்டிலேயே சமைத்துத் தின்றிருந்தாள்.

"அண்ணே, இவனையும் ஒருக்கா போட்டுப் பாருங்க."

தராசுக்காரர் காசிராசன் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கித் தட்டில் கிடத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மேலிருந்து இறங்கிய முத்திரை அவன் தொடையில் 'கழிவு' என்று குத்திவிட்டு ஏறியது.

"காய் பறிச்ச கையால தூக்கியிருப்ப தாயி."

துடைத்துவிட்டு மறுபடி கிடத்தினார்கள். மறுபடியும் சிவப்புதான்.

"இவனுக்கு என்னத்தக் குடுக்குற?"

"ஒண்ணுமில்லண்ணே. எம்பாலு மட்டுந்தான்."

காசிராசன் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்தவர் கூடையைத் தூக்கி வைத்தார்.

செவ்வந்தி எச்சில் தொட்டு முந்தானையால் தேய்த்துப் பார்த்தாள். மை போகவில்லை. பிள்ளை பசியில் வீறிட்டது. பழக்கத்தில் ரவிக்கைக் கொக்கிக்குப் போன அவள் கை அங்கேயே நின்றது.