புது ஆயரின் தாழ்மை

"உங்கள் ஊழியனாகவே வருவேன்" என்று புது ஆயர் சொல்லியனுப்பியிருந்தார். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆலயக் கழிப்பறையை ஒரு பெரியவர் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்ததும் சபைச் செயலாளர் உருகிப்போனார்.

"ஆயரய்யா, நீங்க போய் இதை..."

"சார், நான் வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்கய்யா. தாழ்மைன்னா இதுதான். எங்களுக்கெல்லாம் பாடம்."

அந்த ஈரக்கையை எடுத்து முத்தமிட்டார்.

வாசலிலிருந்து பொருளாளர் ஓடி வந்தார். "இங்க என்ன பண்றீங்க? ஆயர் வந்து எவ்வளவு நேரமாச்சு. கார் கதவைத் திறந்துவிட ஆளில்லன்னு உள்ளயே கோவமா உட்கார்ந்திருக்கார்."

"அப்ப இவரு?"

"கழுவ நான் கூட்டிட்டு வந்த ஆளு."

செயலாளர் கைக்குட்டையால் உதட்டை அழுத்தித் துடைத்தார்.

"யோவ், அந்த மூலையில கறை அப்படியே இருக்கு. என்னத்தக் கழுவுற?"