வடிதாளில் நின்ற கறை

முறிந்த எலும்பு சேரும்வரை பிடித்திருந்து, பிறகு தானே கரைந்துவிட வேண்டிய திருகாணி அது. உறுதிக்காகக் கண்ணுக்குத் தெரியாத கரிக்குழாய்களைப் பிளாஸ்டிக்கில் கலந்து நாச்சியார் செய்தது. ஆய்வகத்தில், உடற்சூட்டு உப்புநீரில் பதினான்கு மாதம் கிடந்தும் கரையவில்லை. ஒரு மாத விடுப்பு முடிந்து அவள் வந்தபோது, அது கிடந்த குப்பி கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"பாக்கியம்க்கா, உள்ள இருந்த ஆணி எங்க?"

"ஆணி எதுவும் இல்லயே மேடம்!" ஆய்வகத்தைத் துப்புரவு செய்யும் பாக்கியம் பதறினாள். "வெறும் கலங்கல் தண்ணி. வடிகட்டாம எதையும் ஊத்தக்கூடாதுன்னு சொல்லிருக்கீங்கல்ல, வடிகட்டித்தான் ஊத்துனேன். இதான் நின்னுச்சு."

வடிதாளில் மை போல ஒரு கறை. நாச்சியார் கையுறை விரலால் தேய்த்துப் பார்த்தாள். எதுவும் நெருடவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க மேடம், வேற செஞ்சுக்கலாம்."

நாச்சியார் அந்த விரலால் கவிழ்ந்திருந்த குப்பிக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.