நெற்றிப் பட்டை

தணிகைவேல் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வுக்குப் படிப்பது இது நான்காவது முறை. பயிற்சி மையம் கொடுத்த பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டால் திரையில் பாடம் ஓடும். மனம் கொஞ்சம் விலகினாலும் பட்டை சிவந்து, பாடம் முதலிலிருந்து தொடங்கிவிடும். வெப்ப இயக்கவியலின் ஒரே பாடத்தை ஒரு வாரமாகக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது.

மனைவி பூங்கோதை விசிலடிக்கும் குக்கர் வேண்டாமென்று பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோற்றை வடித்தாள். மூன்று வயது நிறைமதியிடம், "அப்பா படிக்கிறாருடி, சத்தம் போடாத" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் வாய் ஓய்ந்துபோயிற்று.

அன்று காலைதான் பாடம் நிற்காமல் ஓடியது. பூங்கோதை கடைக்குப் போயிருந்தாள். இன்னும் ஒரே ஒரு கணக்கு பாக்கி. கழுத்து வலிக்கிறதே என்று திரும்பினான்.

கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தாள் நிறைமதி. உதடு கிழிந்து ரத்தம். வாயை அகலத் திறந்து, தோள் குலுங்க, துளி ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

பதறிப்போய் வாரியெடுத்தான். பட்டை சிவந்தது. திரையில் ஆசிரியர் மறுபடியும் வணக்கம் சொன்னார்.

அந்தச் சிவப்பைப் பார்த்து மிரண்ட குழந்தை, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தது.

"நான் சத்தமே போடலப்பா."