வாசல் பலகை

ஸ்வெட்டர் பின்னும் ஊசியின் நுனியில் துணியைச் சுற்றினாள். நீலகிரித் தைலத்தில் தோய்த்தாள். வாசலோரத் தரைப்பலகையின் இடுக்கில் விட்டுக் குடைந்தாள்.

மெழுகு வந்தது. காதுக் குரும்பி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

தேன்மெழுகு. அவளே உருக்கி ஊற்றியது.

தைலம் கண்ணில் ஏறிக் கண்ணீர் வந்தது. அது தைலத்தின் கணக்கு. அவளுடையது இன்னும் வரவில்லை.

அந்த வீட்டுத் தரை முழுக்கத் தேக்கு. வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. குன்னூர்ப் பனியில் ஊறியும் உளுத்துப்போகாதது. கடையில் விற்கும் திரவம் எதையும் அவள் அதன்மேல் பட விட்டதில்லை. அழுக்குக்குத் தண்ணீர் கலந்த வினிகர். நிறம் மங்கினால் ஆறிய டீ டிகாஷன். மினுமினுப்புக்குத் தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும்.

மினுமினுப்பு என்றால் சாதாரணமாக இல்லை. கூரையில் போன பல்லி கீழே இன்னொரு பல்லியைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குக் குதித்தது. பூனை கூடத்தில் நடப்பதையே விட்டுவிட்டது. அதற்கு ஜன்னல் வழிதான் போக்குவரத்து.

தகவல் கேட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த தங்கை, வாசலில் கால் வைத்தவள், சமையல்கட்டில் போய்த்தான் நின்றாள். எதிரே அடுப்பு இருந்ததால் சமையலை அவளே எடுத்துக்கொண்டாள். அவள் கையிலிருந்து நழுவிய அரிசிச் சிப்பம் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஒரு சிப்பம் அரிசி. எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

விசாரிக்க வந்த ஏட்டு தொப்பியைக் கழற்றினார். தரையில் தன் வழுக்கை தெரிந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"ஆள் எப்படிம்மா இருப்பாரு?"

"கனமா இருப்பாருங்க."



அக்கம்பக்கத்தார் வந்தார்கள். செத்த வீடு இல்லை. காணாமல் போனவரின் வீடு. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வழுக்காமல் உட்காருவதிலேயே அவர்களுக்குப் பாதி நேரம் போயிற்று.

அவள் புருஷன் டீ ஃபேக்டரியில் இருந்தவர்.

ஓய்வு பெற்றது மறந்துபோயிற்று. அவள் பெயர் மறந்துபோயிற்று. ஃபேக்டரிக்குப் போக வேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை.

கதவைப் பூட்டிப் பார்த்தாள். பூட்டிய கதவின் முன்னால் நின்று அழுதார். திறந்துவிட்டாள்.

காவலுக்கு இந்தப் பலகை இருந்தது.

அவர் கால் பட்டால் கத்தும். கீழ் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ஹாரன் என்று நினைத்து ஒதுங்குவார்கள். எங்கே இருந்தாலும் அவள் கரண்டியும் கையுமாக வந்துவிடுவாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஃபேக்டரிக்கு."

"இன்னிக்கு லீவு."

"அப்படியா? ஒருத்தனும் சொல்லலியே."

குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

எல்லா நாளும் லீவு. எல்லா நாளும் நம்பினார்.

பலகையின் சத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குனிந்து அதைத் தடவிக்கொடுப்பார்.

"பாவம். நான் மிதிச்சதுல அதுக்கு வலிக்குது. ஏதாச்சும் தடவி விடு, புள்ள."

தினமும் சொன்னார். பலகையிடம் தினமும் மன்னிப்புக் கேட்டார்.

ஒரு நாள் அவள் மெழுகை உருக்கினாள். இடுக்கில் ஊற்றினாள்.

பலகை அடங்கிவிட்டது. அவர் ஏறி நின்று பார்த்தார். இறங்கி, மறுபடி ஏறினார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

"இப்ப வலிக்கல," என்றார்.

மறுநாள் அவள் பின்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

துடைத்து முடித்துக் கூடத்துக்கு வந்தாள். ஆணியில் குல்லா இல்லை.

இப்போது இடுக்கில் கடைசி மெழுகும் வந்துவிட்டது. வினிகர் விட்டுத் துடைத்தாள். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஈரப் பலகை கத்தாது.

"ரெண்டு வாய் சாப்புட்டுட்டு வந்து தேய்க்கலாமில்லக்கா," என்றாள் தங்கை உள்ளிருந்து. "பலகை எங்கயும் ஓடிப் போயிறாது."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள். அதன் பிறகு பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது.

காய்ந்தது. எழுந்து பலகைமேல் நின்றாள்.

சத்தம் இல்லை.

குதிகாலை அழுத்தினாள். ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு குதி குதித்துக்கூடப் பார்த்தாள்.

இல்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது. அது அவளுக்கு ஒரு நாளும் கத்தியதில்லை. அதற்கு அவர் கனம் வேண்டும்.

கூடத்துச் சுவரைப் பார்த்தாள்.

அரிசிச் சிப்பத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். முதுகு பின்னால் வளைந்தது. முகவாய் சாக்கில் புதைந்தது. வழுக்கும் தரையில் அடி அடியாக நகர்ந்து வாசலுக்கு வந்தாள். வலது காலை வைத்தாள். இடது காலையும் வைத்தாள்.

பலகை கத்தியது.

உள்ளே ஒரு தட்டு விழுந்து உருண்டது. கரண்டியும் கையுமாக வழுக்கிக்கொண்டே வந்த தங்கை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா வந்துட்டாங்களாக்கா?"

அவள் சிப்பத்தை இறக்கவில்லை.

"அங்க வரைக்கும் கேட்டுச்சா?" என்றாள்.