கண்ணில் மண்

“முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டினவன்யா நான். வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல. என் கண்ணுலயே மண்ணைத் தூவப் பாக்குறியா?”

பெரியவரின் தம்பி போட்ட சத்தத்தில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பழுது பார்க்கும் கடை வாசலில், ஓடாத ஸ்கூட்டரின் மேலேயே உட்கார்ந்திருந்த பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். இறங்கி எங்காவது போய் ஒளியலாம் என்றால் கால் சொன்னபடி கேட்காது.

நடக்க முடியாதவர்களுக்கென்றே செய்த நாலு சக்கர பேட்டரி ஸ்கூட்டர் அது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக அதே பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர், மூட்டையைத் தள்ளுவது போல அவரைத் தள்ளிக்கொண்டுவந்து இங்கே விட்டுப் போனார்கள். போன் போட்டதும் தம்பி அடித்துப் பிடித்து ஓடிவந்துவிட்டார்.

தள்ளியதைக்கூட விட்டுவிடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், பராமரிப்பு இல்லத்தில் பெரியவரின் மனைவி படுத்திருக்கிறாள். பார்க்க விடுவது நாலிலிருந்து ஐந்து வரைதான். இப்போது மணி ஐந்தேகால். இன்றைக்கும் அவள் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த் திரும்பிப் படுத்திருப்பாள்.

“பேட்டரி மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல டிரைவரே,” என்றார் மெக்கானிக். “அதுல கோளாறு இருக்காது.”

“பழசைத் தொடைச்சு மாட்டிவிட்டிருப்ப. உங்க ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

“சார்ஜ் ஒழுங்கா போடறீங்களா?”

“நான்தான்யா போடறேன். எங்கண்ணன் வண்டியில வேற எவனையும் கைவைக்க விடமாட்டேன். காத்து, பிரேக்கு எல்லாம் நானே பாக்குறேன்.”

அது சத்தியமான வார்த்தை. கீழே ஷெட்டில் நிற்கும் அந்த வண்டியைத் தம்பி பெற்ற பிள்ளை மாதிரி கவனித்துக்கொள்வார். தினமும் பெரியவரைத் தாங்கிப் பிடித்து அதில் உட்காரவைத்து அனுப்புவதும் அவர்தான். ‘வண்டி நின்னா முதல்ல எனக்குப் போன் பண்ணு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கைப்பிடியில் ஒட்டியும் வைத்திருக்கிறார்.

“ராத்திரி முழுக்க விட்டுடுங்க டிரைவரே. நிறைஞ்சதும் அதுவா நின்னுக்கும்.”

“எந்த மிஷின்யா தானா நின்னிருக்கு? பேட்டரி வெந்துபோகணும், நான் உன்கிட்ட வந்து இன்னொண்ணு வாங்கணும், அதானே? விளக்கைப் பாத்துத்தான் எடுக்கறேன்.”

“பச்சை வந்துச்சா?”

“விளக்கு எரிஞ்சுது. பளிச்சுனு எரிஞ்சுது!”

மெக்கானிக் பெருமூச்சு விட்டுக்கொண்டு சீட்டுக்கு அடியில் பேட்டரி மூடியைக் கழற்றினார். பேட்டரியை அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு, “அந்தச் சிவப்பு வயரைக் கொஞ்சம் பிடிங்க,” என்றார்.

தம்பியின் கை, பேட்டரியிலிருந்து வந்த இரண்டு வயருக்கும் நடுவில் போய் நின்றது. பிறகு சட்டென்று பின்வாங்கியது. “நான் என்ன உனக்கு எடுபிடியா?”

மெக்கானிக் தானே பிடித்துப் பார்த்தார். “பாதிகூட ஏறல. பேட்டரி என்ன பண்ணும்?”

“கிளம்பும்போது வண்டியில சார்ஜ் முள்ளு நிறைஞ்சு நின்னுதே!”

“அப்ப நிக்கும். ஏத்தத்துல பொத்துனு விழும்.”

“பாத்தியாண்ணே, இவன் வெச்சிருக்கற முள்ளும் பொய் சொல்லுதாம். ஒருத்தனையும் இனிமே இந்தக் கடைப் பக்கம் வரவிடமாட்டேன். தெருமுனையில நின்னு சொல்லுவேன்.” வண்டியை ஏற்றிப்போக வேன் பிடிக்கிறேன் என்று தம்பி விடுவிடுவென்று வெளியே போனார்.

மெக்கானிக்கின் முகம் செத்துப்போயிருந்தது. இருந்தும் ஒரு சார்ஜரை எடுத்துவந்து வண்டியில் செருகினார். “உங்க வீட்டுல இருக்கறதும் இதேதான். வேன் வர்ற வரைக்கும் கொஞ்சம் ஏறட்டும்.”

சார்ஜர் பெட்டியில் பொட்டு மாதிரி ஒரு விளக்கு சிவப்பாக எரிந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல விளக்கு ஒண்ணுதானாப்பா?”

“ஒண்ணுதாங்க ஐயா. சிவப்புன்னா ஏறிட்டிருக்கு. நிறைஞ்சா இதே விளக்கு பச்சையா மாறும்.”

பெரியவருக்குச் சுருக்கென்றது. நடுப்பாலத்தில் ஊரே பார்க்கத் தள்ளிக்கொண்டு வந்தபோதுகூட இப்படிக் கூசவில்லை.

“ரெண்டு விளக்கு வெச்சது கிடைக்குமா? ரோட்டு சிக்னல் மாதிரி, மேல ஒண்ணு கீழ ஒண்ணு.”

மெக்கானிக் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “எதுக்குங்க? லாரி ஓட்டினவருக்கு சிவப்பு பச்சை தெரியாமலா போயிடும்? லைசென்ஸ் கொடுக்கும்போதே டாக்டர் கலர் காட்டி டெஸ்ட் பண்ணியிருப்பாரே?”

பெரியவர் தெருவைப் பார்த்தார். அங்கே தம்பி ஒரு வேன்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் பக்கம் விரல் நீட்டுவதும் தெரிந்தது.

“உன் மேல தப்பில்லப்பா. அவன் வாயை நான் அடைக்கிறேன். வண்டி நிக்கற காரணம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் அவன்கிட்ட காட்டிக்காதே,” என்றவர், மறுபடி அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அன்னைக்கு அவன் பேரைச் சொல்லிக்கிட்டு அந்த டாக்டர் முன்னாடி போய் உக்காந்தது நான்.”